பயந்தவங்களுக்குத்தானே அடைக்கலம்!



எங்கள் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது நட்டம், நோய் நொடி, பரீட்சையில் தோல்வி என்று வந்துவிட்டால் போதும், "விசுவாசம் பத்தல, அதான் இப்படி" என்று சொல்ல நாலு பேர் கிளம்பி விடுவார்கள். பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாலோ இன்னும் மோசம். "ஆண்டவரை நம்புறவ பயப்படலாமா?" என்பார்கள். மற்ற வீடுகளிலும் "சாமி குத்தம்" என்று இதே பேச்சுதான் வேறு பெயரில் நடக்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவாங்க. அதனால் இது எல்லா சகோதரிகளுக்கும் உள்ள விஷயம் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரி என்றால் மக்காச்சோளமும் பருத்தியும்தான். 2018-ம் வருஷம் புரட்டாசியில் நாங்களும் 3 ஏக்கரில் மக்காச்சோளம் போட்டோம். அந்த வருஷம்தான் படைப்புழு என்று ஒன்று வந்தது. அமெரிக்கா பக்கத்துப் புழுவாம். அதே வருஷம்தான் முதல் முதலாக இந்தியாவுக்குள் வந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரும் அதைக் கண்டதே கிடையாது. பகலில் குருத்துக்குள் போய் உட்கார்ந்து கொள்ளும். மேலே எவ்வளவு மருந்து அடித்தாலும் உள்ளே இறங்காது. குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம்தான் கொட்டும். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் காடு காடாகப் போயிற்று. ஏக்கருக்கு 20 மூட்டைக்குக் குறையாமல் எடுத்த நிலத்தில் எங்களுக்கு 5 மூட்டைதான் தேறியது. என் சங்கிலி அடகில். உரக்கடையில் பாக்கி.

அடுத்த வருஷம் அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. ஆனால் அதற்கு முந்தைய அந்த இரண்டு மாசத்தைத் தாண்டியதுதான் பெரிய பாடு. எங்க வீட்டுக்காரர் பேச்சையே நிறுத்தி விட்டார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ராத்திரி எழுந்து வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். எனக்கு வேறொரு பயம் பிடித்துக் கொண்டது. என்ன பயம் என்று விவசாயி வீட்டுப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மிச்சமிருந்த மருந்து டப்பாவை எல்லாம் யாருக்கும் தெரியாமல் கொழுந்தனார் வீட்டில் கொண்டு போய் வைத்து விட்டு வந்தேன். அவரிடமும் விஷயத்தைச் சொல்லி, "அண்ணனைத் தனியா விடாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து சொந்தக்கார அக்கா ஒருத்தி வந்து, "வீட்டுல ஜெபம் இருந்தா புழு வருமா?" என்று கேட்டாள். புழு என்ன, ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்தா வயலுக்குள் இறங்குது?

அவள் போனதும் எங்க அத்தை சொன்னதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை. பைபிளைப் பூசையில் கேட்டதுதான். "ஏம்மா, எலியா எம்மாம் பெரிய தீர்க்கதரிசி! ராணி கொல்லப் போறான்னு தெரிஞ்சதும் காட்டுக்கு ஓடிப் போயி, செடிக்கடியில உக்காந்து என்னை எடுத்துக்க சாமின்னு அழுவலியா? ஆண்டவரு அவரைத் திட்டினாரா? தூதர அனுப்பி தணல்ல சுட்ட அப்பமும் தண்ணியும் குடுத்தாரு. தின்னுட்டுத் தூங்குனாரு. மறுபடி எழுப்பித் தின்னச் சொன்னாரு. புத்திமதி எல்லாம் அப்புறந்தான். நீ போயி சோத்தைப் போடு" என்றார்கள்.

நானும் பூசையில் இதை எத்தனையோ தடவை கேட்டவள்தான். ஆனால் அதில் உள்ள சமையலை யாரும் எனக்குக் காட்டியதில்லை! அன்றிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசினாலும் பேசாவிட்டாலும் நாலு வாய் பிசைந்து கொடுப்பேன். உடம்பு கொஞ்சம் தேறிய பிறகுதான் வாய் திறந்தார். "பயமா இருக்கு" என்றார். "எனக்கும்தான்" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். அதற்கப்புறம்தான் கடன்காரர்களிடம் போய் தவணை கேட்கும் தைரியமே வந்தது.

அந்தத் தவக்காலத்தில் ஏலாக்குறிச்சிக்குப் போனோம். அரியலூர் மாவட்டம், திருமானூர் பக்கம், கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கிறது அடைக்கல மாதா கோயில். வீரமாமுனிவர் இருந்த ஊர். திருக்காவலூர் என்று பெயர் வைத்தவர் அவர்தான். நாம் பள்ளியில் சதுரகராதி, பரமார்த்த குரு கதை என்று மார்க்குக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. அவர் பட்ட பாடு பாடப்புத்தகத்தில் எங்கே இருக்கிறது? 1680-ல் இத்தாலியில் பிறந்து, 1710-ல் கோவா வந்து இறங்கி, தமிழ்நாட்டுக்கு வந்த நாலைந்து வருஷத்துக்குள் மரண தண்டனை வரை போய்த் தப்பியவர். அப்புறம்தான் தேம்பாவணி எழுதினார். 3,615 பாட்டு! கடைசிக் காலத்திலோ போர்க் குழப்பத்தில் இந்தப் பக்கத்தை விட்டே போக வேண்டியதாயிற்று. 1747-ல் அவர் இறந்தது ஏலாக்குறிச்சியில் இல்லை.

அந்தத் தேம்பாவணிக்கு நாயகன் யார் தெரியுமா? சூசையப்பர். ராத்திரியோடு ராத்திரியாக, கைக்குழந்தையையும் பிள்ளைத்தாய்ச்சி உடம்பு ஆறாத பெண்ணையும் கூட்டிக் கொண்டு எகிப்துக்கு ஓடின தச்சர். ஏரோது பிள்ளையைக் கொன்று விடுவான் என்ற பயத்தில் ஓடினார். அவரை யாராவது விசுவாசம் இல்லாதவர் என்பார்களா? மாதாவுக்கு 'அடைக்கல மாதா' என்ற பேர் ஏன் என்றும் அங்கே உட்கார்ந்து யோசித்தேன். பயமே இல்லாதவளுக்கு அடைக்கலம் எதற்கு?

அன்று கோயிலில் எங்களுக்கு அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. கொள்ளிடம் மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்றுவிட்டு வந்தோம். சங்கிலியை மீட்க அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஆயிற்று.

வீட்டு ஆம்பளைக்குத் தொழிலில் அடி விழுந்தால், சகோதரிகளே, முதல் வேலையாக மருந்து டப்பாவை அப்புறப்படுத்துங்கள். வெட்கப்படாமல் நெருங்கிய ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சாமியாரிடமும் சொல்லலாம், டாக்டரிடமும் காட்டலாம். இது ஒன்றும் நம்பிக்கைக் குறைவு இல்லை. மாமியார் என்றால் கொடுமை என்றே எழுதுகிற பக்கங்களில் என் மாமியாரைப் பற்றி இப்படி எழுதுவதிலும் எனக்கு ஒரு சந்தோஷம்.

இப்போது கோடையிலேயே ஆழ உழுது, வேப்பம்புண்ணாக்கு போட்டு, வரப்பு ஓரம் தட்டப்பயிறு போடுகிறோம். புழு ஒழிந்தபாடில்லை. ஆனால் முன்போல் மொத்தமாகப் போவதில்லை. இந்தப் புரட்டாசியிலும் விதைத்துப் பதினைந்தாம் நாள் முதல் குருத்தைப் பிரிக்கும்போது என் கை நடுங்கத்தான் நடுங்கும். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே பிரிப்பேன். புழு இருந்தால் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.

— ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்.