அப்பாவின் கால் அளவு உங்களுக்குத் தெரியுமா?



அம்மாவுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று யாராவது கேட்டால், புடவை, வளையல், மிக்ஸி என்று மளமளவென்று சொல்லி விடுவோம். அப்பா என்று வரும்போதுதான் திருதிருவென்று விழிப்போம். தீபாவளியா, வேட்டி சட்டை. பிறந்த நாளா, அதற்கும் வேட்டி சட்டை. ஜூன் மாதம் மூன்றாவது ஞாயிறு தந்தையர் தினம் என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அதற்கும் ஒரு சட்டைத் துணி! அவரும் "நல்லாருக்கு அம்மிணி" என்று வாங்கி பீரோவில் வைத்து விடுவார். போன தடவை கொடுத்ததே அங்கே மடிப்புக் கலையாமல் இருக்கும்.

"உங்களுக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்டும் பிரயோஜனமில்லை. "எனக்கெதுக்கு? பசங்களுக்கு வாங்கிக் குடு" என்பதுதான் எல்லா அப்பாக்களும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பதில். அதனால் அப்பாவிடம் கேட்கக் கூடாது, அவரைக் கவனிக்க வேண்டும் என்பது என் கருத்து. எதை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார் என்று பார்த்தாலே என்ன வாங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

என் அப்பா பஸ் கண்டக்டராக முப்பது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. பொங்கலுக்கு ராசிபுரம் பக்கம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்திலிருந்து வந்த அப்பா, கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். உள்ளங்காலில் ஒரு வேலமுள் ஒடிந்து உள்ளேயே இருக்கிறது! "என்னங்கப்பா இது?" என்று நான் பதறினால், "எங்கே?" என்று கேட்கிறார். முள் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கம் காகிதம் மாதிரி தேய்ந்து, அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தார்.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போனோம். முள்ளை எடுத்துக் கட்டுப் போட்ட பிறகு, அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டு "தெரியுதா?" என்று கேட்டார். பாதி இடங்களுக்கு மேல் அப்பாவிடமிருந்து பதிலே இல்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்ச்சி குறையும், ரத்த ஓட்டமும் குறைந்தால் சின்னப் புண்கூட ஆறாமல் காலை எடுக்கும் நிலை வரை போகலாம் என்று டாக்டர் விளக்கினார். அப்பாவுக்குப் புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று.

அவர் போடச் சொன்னது எம்.சி.ஆர். செருப்பு. அதாவது மைக்ரோ செல்லுலர் ரப்பர். உள்ளே பொடிப்பொடியாகக் காற்று அறைகள் இருப்பதால், உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் பாதம் முழுக்கப் பரவும். அந்த வருஷ அப்பா பிறந்த நாளுக்கு இதுதான் என்று முடிவு செய்தேன்.

அப்பாவோ பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "இது குஷ்ட நோய்க்காரங்க போடறது. நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும், தொழுநோயால் காலில் உணர்ச்சி போனவர்களுக்குப் புண் வராமல் இருக்கத்தான் இந்த மாதிரி மெத்தென்ற ரப்பர் செருப்புக்குப் பாடுபட்டார்கள். அந்த டாக்டர் 1914ல் பிறந்தது நம் கொல்லிமலையில்! இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொல்லிமலையா? எழுபது கொண்டை ஊசி வளைவு. நான் டிக்கெட் கிழிச்ச ரூட்டாச்சே!" என்றவர், செருப்பில் காலை நுழைத்து விட்டார். இப்போது அதைப் போடாமல் வாசல்படி தாண்டுவதில்லை.

வாங்க நினைக்கும் தோழிகளுக்காக நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கும் என்பதால், அளவை அப்போது எடுங்கள். அப்பாவைத் தாளின் மேல் நிற்க வைத்து இரண்டு பாதத்தையும் தனித்தனியே பென்சிலால் வரைந்து கொள்ளுங்கள். உணர்ச்சி குறைந்த காலிலிருந்து செருப்பு கழன்று போனாலும் தெரியாது என்பதால் பின்பக்கம் வார் அவசியம். விரலிடுக்கில் வார் வருவது வேண்டாம், அது உராய்ந்து புண்ணாக்கும். வெல்க்ரோ பட்டை வைத்ததாக இருந்தால் இறுக்கித் தளர்த்திக் கொள்ளலாம். ஆணி அடித்தது கூடாது. உள்ளே மெத்தென்றும், முள் ஏறாதபடி அடிப்பாகம் கெட்டியாகவும் இருக்க வேண்டும். ஏற்கனவே புண்ணோ, பாதம் கோணலோ இருந்தால் கடையில் வாங்காமல் டாக்டரைக் கேட்டு அளவு கொடுத்துச் செய்வதே நல்லது.

புதுச் செருப்பை முதல் நாளே நாள் முழுக்கப் போட விடாதீர்கள். ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். தினமும் போடும் முன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். மெத்தென்ற பாகம் அமுங்கிவிட்டால் வேறு வாங்கிவிட வேண்டும்.

செருப்போடு ஒரு கைக்கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தேன். குனிய முடியாத அப்பா, தினமும் ராத்திரி அதைக் காலுக்கு அடியில் பிடித்து உள்ளங்காலைப் பார்த்துக் கொள்கிறார். கோயிலுக்கும் மத்தியான வெயிலில் போவதில்லை. கல் சுட்டாலும் காலுக்குத் தெரியாதே!

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல் இருக்கலாம். பேப்பரைக் கை நீளத்துக்கு எட்டப் பிடித்துப் படிக்கிறாரா? கண்ணைப் பரிசோதித்து ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். பாத்ரூமில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரா? பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்திக் கொடுங்கள். வேளைக்கு எந்த மாத்திரை என்று தடுமாறினால், நாள்வாரியாகப் பிரித்து வைக்கும் டப்பா போதும்.

சட்டைத் துணி எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை தோழிகளே, அதையும் எடுங்கள். அடுத்த முறை பிறந்த வீட்டுக்குப் போகும்போது, ஸ்வீட் பாக்ஸோடு ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கூடவே எடுத்துப் போங்கள்.

- ஒரு வாசகி, ஈரோடு.