தூண்டிற்காரர் சென்ற மலைப்பாதை

இலங்கையின் மலைநாட்டு உச்சியிலே, கடல் மட்டத்திற்கு 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் பரந்து கிடக்கின்றது ஹோட்டன் சமவெளி. உலக முடிவு என்னும் பெரும் பள்ளத்தைக் காண்பதற்காகவே இன்று நம்மவர் அங்குச் செல்கின்றனர். ஆனால், ஒரு காலத்தில் அச் சமவெளிக்கு ஆட்களை ஈர்த்தவற்றுள் மீனும் ஒன்று என்றால் இளைஞர் பலர் வியப்படையக்கூடும். ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீன் 1882ஆம் ஆண்டில் முதன்முதலாக நுவரெலியாப் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகம் தோன்றிற்று. அக் கழகத்தைத் தோற்றுவித்த தோட்டத்துரையாகிய தோமஸ் ஃபார் என்பவரின் பெயரையே சமவெளியிலுள்ள பழைய விடுதி இன்றும் தாங்கி நிற்கின்றது. பின்னர் வந்த வானவில் ட்ரவுட் அங்குள்ள ஓடைகளில் தானாகவே இனம் பெருக்கிக் கொண்டது. (அவ்வோடைகளுக்கே உரிய இறால் இனமொன்று அதற்கு இரையாகி வருவது தனியே எழுதப்பட வேண்டிய கதை.)

அக்காலத் தூண்டிற்காரர் அங்குச் சென்ற முறை நோக்கத்தக்கது. பட்டிப்பொல அல்லது ஒஹிய புகையிரத நிலையத்தில் இறங்குவர்; காட்டுவழியே ஏறிச் செல்வர்; ஃபார் விடுதியிற் கணப்பின் முன்னே இராத்தங்குவர்; விடியற்காலையில் ஓடைக்கரையில் நிற்பர். சென்ற நாளே திரும்புவது என்ற எண்ணம் அவர்களுக்கு எழவில்லை. இடத்தின் தொலைவும் பாதையின் கடுமையும் அவர்களைக் கட்டாயமாக இளைப்பாற வைத்தன.

சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. தூண்டிற்காரருக்கு அங்கு இப்போது இடமில்லை. விடுதியும் பார்வையாளர் நிலையமாகிவிட்டது. மோட்டார் வண்டி வாயில்வரை செல்கின்றது. நுவரெலியாவிலிருந்து ஏறக்குறைய 32 கிலோமீற்றர்தான். ஆகையால் எல்லாம் இலகுவாகிவிட்டது என்று எண்ணுகின்றோம். உண்மையில், முன்னோர் இரண்டு மூன்று நாள்களிற் பரப்பி வைத்த களைப்பை நாம் ஒரே நாளிற் சாரதி ஒருவரின் தோளிற் சுமத்திவிட்டோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் ஒரு சுற்றுலாவை எண்ணிப் பாருங்கள். காலை ஒன்பது பத்து மணிக்குள் உலக முடிவை மூடுபனி மறைத்துவிடும்; ஆகவே ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போதே அங்கு நிற்க வேண்டும். அதற்காக முதல் நாள் மாலை பஸ் புறப்படுகின்றது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் இரவோடிரவாக ஓட்டம். பிள்ளைகள் பாடுகின்றனர், பின்பு உறங்குகின்றனர். சாரதி உறங்குவதில்லை. காலையில் நாம் சமவெளியில் நடக்கும்போது அவர் இருக்கையிற் சாய்ந்து சிறிது கண்ணயர்கின்றார், அவ்வளவே. பிற்பகலில், மழை தூறும் வேளையில், அதே மனிதர் அதே மலையை இறங்குகின்றார். பாதையின் பெரும் ஆபத்து ஏறுகையில் அன்று, இந்த இறக்கத்திலேயே இருக்கின்றது.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்லக் குறுக்கு வீதியில் மாணவரை ஏற்றிவந்த சுற்றுலாப் பஸ் ஒன்று எதிரே வந்த வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தனர்; மாணவர் பலர் காயமுற்றனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவிற் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சமவெளிக்குச் செல்லும் குடும்பங்களுள் மிகப்பல இவ்விரு வழிகளுள் ஒன்றைக் கடந்தே செல்ல வேண்டியிருக்கின்றது.

இறக்கத்தில் நிகழ்வது யாது? பௌதிகம் பயிலும் மாணவர் ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஆட்களோடு 1,500 கிலோகிராம் நிறையுள்ள வான் ஒன்று நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்குகின்றது. உயர வேறுபாடு 1,300 மீற்றருக்கு மேல். இழக்கப்படும் அழுத்தசக்தி ஏறக்குறைய 1 கோடியே 90 இலட்சம் யூல். இச்சக்தி எங்கேயாவது வெப்பமாக வெளிப்பட்டே தீர வேண்டும். ஐம்பது லீற்றருக்கு மேற்பட்ட குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இவ்வெப்பம் போதும். இதன் பெரும் பகுதியையும் நான்கு சக்கரங்களிலுள்ள சிறு உராய்வுத் தகடுகளே ஏற்க வேண்டும் என்று சாரதி விட்டுவிட்டால், அவை பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. கார்களிலும் வான்களிலும் பிறேக்கை இயக்கும் எண்ணெய், காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்னும் தரத்துப் புதிய எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது நிற்க வேண்டும். ஈரம் ஏறிய பின்போ அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகின்றது. எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆவி அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனாலேதான் மிதி திடீரென்று தரைவரை போகின்றது. காற்றழுத்தத்தால் இயங்கும் பெரிய பஸ்களிலும் ஓயாது மிதித்தால் தொட்டியிற் காற்றுக் குறையும். உராய்வுத் தகடும் சூடேறும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிறேக் எண்ணெயை மாற்றுதல் பெரிய செலவன்று. ஆயினும், வண்டியைக் கழுவி மெருகேற்றப் பணங்கொடுப்போர் இதற்குக் கொடுக்கத் தயங்குவதைக் காண்கின்றோம்.

வண்டியைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது எஞ்சின். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருந்ததோ, இறங்குகையில் அதனிலும் உயர்ந்த கியர் கூடாது. வேண்டுமாயின் ஒன்று குறையலாம். இறக்கம் தொடங்கு முன்பே கியரைக் குறைத்தல் வேண்டும். வேகம் பிடித்த பின்பு குறைப்பது கடினம். பிறேக்கை ஓயாது தேய்த்துக்கொண்டிராமல், உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுவிக்க வேண்டும். தன்னியக்கக் கியருள்ள கார்களில் 'எல்' அல்லது '2' என்ற நிலையும், ஹைபிரிட் கார்கள் பலவற்றில் 'பி' என்ற நிலையும் இதற்காகவே அமைந்தவை. அவ்வெழுத்தின் பயனை அறியாமலே பல ஆண்டுகள் வண்டியோட்டியவரும் நம்மிடையே உளர். பெற்றோலை மிச்சப்படுத்துவதாக எண்ணிக் கியரை விடுவித்து வண்டியை உருளவிடும் வழக்கத்தைப் பற்றி யாது சொல்வது! அது எஞ்சின் தரும் ஒரே துணையையும் வழியில் இறக்கிவிட்டுச் செல்வதாகும்.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வுயரத்திற் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதன் நான்கில் மூன்று பங்கிற்குச் சற்றே மேற்பட்டது. எஞ்சின் இளைக்கும், அஃது இயல்பே. எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுதல் மலைநாட்டு வழக்கம். இடையில் நின்றுவிட்டால் மீண்டும் ஏறத் தொடங்குவது அரிதாகையால் எழுந்த நல்வழக்கம் அது.

பட்டிப்பொலவைக் கடந்த பின்பு மூடுபனி எந்நேரமும் இறங்கலாம். அப்போது விளக்கை உயர்த்துவது பலருடைய முதல் எண்ணம். உயர்த்திய ஒளி பனித்துளிகளிற் பட்டுச் சாரதியின் கண்ணிலேயே வெண்சுவராய் வந்து விழும். தாழ்த்திய ஒளியில், இடப்பக்க ஓரத்தைப் பார்த்தவாறு, மெதுவாக ஊர்தலே தக்கது. முன்செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கை நம்பித் தொடர்ந்தால், அவர் வழி தவறும் இடத்தில் நாமும் தவறுவோம். சமவெளியில் மரைகள் பாதையோரத்திலேயே மேயும். ஒன்று கடந்தால் மற்றொன்று பின்னே வரக்கூடும். அவற்றிற்கு உணவளிப்போர் அவற்றை வண்டிகளின் முன்னே வரப் பழக்குகின்றனர்.

பிள்ளைகளைச் சுற்றுலாவிற்கு அனுப்பும் பெற்றோர், கட்டணம் எவ்வளவு என்று கேட்குமுன் வேறு சில கேள்விகளைக் கேட்டல் நன்று. இரவு ஓடுவதாயின் சாரதியர் இருவர் உளரா? முதல் நாளிரவு நுவரெலியாவிலோ அம்பேவெலப் பக்கத்திலோ தங்க ஒழுங்கு உண்டா? திரும்பும் வழி எது? கனத்த மழைக்காலமாயின், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தவர் யார்? ஆசிரியர்களாகிய எமக்கு இக்கேள்விகள் சற்றே தொல்லையாகத் தோன்றலாம், கேட்கட்டும். தங்கும் செலவு மிகுதி என்பாருக்குப் புகையிரதம் இன்றும் பட்டிப்பொலவிலும் ஒஹியவிலும் நிற்கின்றது என்பதை நினைவூட்டலாம். ஒஹியவிலிருந்து சமவெளிக்கு ஏறக்குறைய 11 கிலோமீற்றர். உள்ளூர் வண்டிகளின் சாரதியர் அவ்வழியின் ஒவ்வொரு வளைவையும் அறிந்தவர்.

இறங்கும் வழியில் தேநீருக்காக வண்டியை நிறுத்துவது எப்படியும் நடக்கும். அவ்வேளையில் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். சக்கரத்தைத் தொடாமல், அதனருகே புறங்கையைக் கொண்டுசென்று பாருங்கள். அனல் வீசினாலோ, துணி கருகியதுபோன்ற நாற்றம் எழுந்தாலோ, சாரதி எஞ்சினால் அன்றிப் பிறேக்கினாலேயே மலையிறங்கி வந்திருக்கின்றார். அனல் தணியும்வரை, அரைமணி நேரமாயினும், இன்னொரு தேநீர் வாங்கி அவருக்குக் கொடுத்து அமர்த்துங்கள்.