விழிக் குறைபாடுகளுடன் கூடிய பிறவிக் கண்புரை: அறுவைச் சிகிச்சையின் காலமும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைப் பருவப் பார்வையிழப்புக்கான காரணங்களுள், உரிய காலச் சிகிச்சையால் தடுக்கத்தக்கவற்றில் பிறவிக் கண்புரை முதன்மையான ஒன்றாகும். புரையோடு விழியின் பிற பகுதிகளிலும் குறைபாடு கொண்டு பிறக்கும் குழந்தைகளுக்கு, அறுவைச் சிகிச்சையின் பயன் எவற்றால் வரையறுக்கப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பார்வை வளர்ச்சிக்குரிய காலம், உடன் அமையும் குறைபாட்டின் தன்மை, அறுவைக்குப் பிந்தைய தொடர் பராமரிப்பு ஆகிய மூன்றையும் ஒருங்கே கருதியே அறுவை குறித்த முடிவு எடுக்கப்படவேண்டும் என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பிறவிக் கண்புரை, சிறுவிழி, ஐரிஸின்மை, ரூபெல்லா, சோம்பேறிக் கண், கண்மறைப்பு.

முன்னுரை

கண்புரை என்றவுடன் முதுமையே நினைவுக்கு வருகிறது. முதியவரின் புரை பல்லாண்டுகள் பார்த்துப் பழகிய கண்ணில் தோன்றுவது. அதனை அகற்றிச் செயற்கை லென்ஸைப் பொருத்தியதும் பழைய பார்வை பெருமளவு மீள்கிறது. சில மாதங்கள் காத்திருந்தாலும் பெரும்பாலும் இழப்பில்லை. பிறவிக் கண்புரையின் நிலை வேறு. அக்குழந்தையின் கண் இன்னும் பார்க்கக் கற்கவில்லை. மீட்பதற்கு அங்கே பழைய பார்வை ஏதுமில்லை. புதிதாக வளர்க்க வேண்டிய பார்வையே உள்ளது. இவ்வேறுபாட்டை உணராதவிடத்து, ‘அறுவை நன்கு முடிந்தும் குழந்தைக்கு ஏன் தெளிவாகத் தெரியவில்லை’ என்னும் பெற்றோரின் வினாவிற்கு விடை கிடைப்பதில்லை. சிறுவிழி, ஐரிஸின்மை போன்ற குறைபாடுகளும் உடனிருப்பின் இவ்வினா மேலும் கடினமாகிறது.

பார்வை வளர்ச்சியும் காலமும்

விழித்திரையில் விழும் தெளிவான பிம்பமே மூளையின் பார்வைப் புறணியை வளர்க்கிறது. டேவிட் ஹியூபெல், டார்ஸ்டென் வீசல் ஆகிய இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி ஆய்ந்தனர். பிறந்த சில வாரங்களில் மூடப்பட்ட கண், பின்னர் திறக்கப்பட்டபோதும் பயன்படவில்லை. கண் நலமாகவே இருந்தது. அதனுடன் இணையவேண்டிய மூளைச் செல்களை மற்றைக் கண் கைக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு அவ்வாறு செய்தபோது இவ்விழப்பு நேரவில்லை. பார்வை அமைப்பு குறித்த கண்டுபிடிப்புகளுக்காக இவர்கள் 1981ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

பிறவிக் கண்புரை இயற்கையே மூடிய இமையைப் போன்றது. ஒரு கண்ணில் மட்டும் அடர்ந்த புரை இருப்பின் ஏறத்தாழ 6 வாரங்களுக்குள்ளும், இரு கண்களிலும் இருப்பின் 8 முதல் 10 வாரங்களுக்குள்ளும் அதனை அகற்றுவது நல்ல பயன் தரும் என்பது மருத்துவ உலகின் பொதுக்கருத்து. ஒரு கண் புரைக்குக் காலம் குறுகியதாக அமைவதற்குக் காரணம் கண்களுக்கிடையிலான போட்டியே. தெளிவான கண் மூளையில் தனக்குரிய இடத்தோடு மற்றதன் இடத்தையும் கவர்ந்துகொள்கிறது. இக்காலம் கடந்தபின் அறுவை செய்யப்படும் கண், ‘சோம்பேறிக் கண்’ என வழங்கப்படும் நிலையில் தங்கிவிடக்கூடும். இரு கண் புரையில் கண்கள் தாமாக ஆடும் கண்நடுக்கம் தோன்றுவது, காலம் கைநழுவுவதன் அறிகுறியாகும்.

எனினும் மிக முந்துவதும் தீங்கற்றதன்று. பிறந்த முதல் 4 வாரங்களுக்குள் செய்யப்படும் அறுவை, பிற்காலத்தில் கண்நீர் அழுத்த நோய் தோன்றும் வாய்ப்பைக் கூட்டுவதாகக் கருதப்படுகிறது. ஆகவே மருத்துவருக்குக் கிடைப்பது சில வாரங்களே கொண்ட ஒரு குறுகிய இடைவெளி. பிறந்தவுடன் குழந்தையின் கண்பாவையில் ஒளியைச் செலுத்திச் செந்நிற எதிரொளிப்பைக் காணும் எளிய சோதனை இதனாலேயே இன்றியமையாததாகிறது.

எல்லாப் புரைக்கும் அறுவை தேவைப்படுவதில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஒளி செல்லும் மைய வழியை மறைக்காத சிறு புரையைக் கண்காணித்து வரலாம். காலக்டோசீமியா என்னும் வளர்சிதை மாற்றக் கோளாற்றால் தோன்றும் புரை, தொடக்கத்திலேயே பால் சர்க்கரையை விலக்கிய உணவால் மறைவதும் உண்டு.

குழந்தைக் கண்ணின் அறுவை

பிறந்த குழந்தையின் விழி முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமுடையது. வளர்ந்தோரில் அது ஏறத்தாழ 23 மில்லிமீட்டர். இவ்வளர்ச்சியின் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளில் நிகழ்கிறது. இன்று பொருத்தமாகத் தேர்ந்த லென்ஸின் திறன் ஓராண்டில் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

முதியோர் அறுவையில் லென்ஸின் பின்னுறை அப்படியே விடப்படுகிறது. கைக்குழந்தையிலோ அவ்வுறையை விட்டுவைத்தால், அது மிக விரைவில் மீண்டும் மங்கிவிடும். எனவே முழு மயக்கத்தில் லென்ஸை அகற்றுவதோடு பின்னுறையின் மையப் பகுதியையும், அதனை அடுத்துள்ள விழிக்கூழின் முற்பகுதியையும் நீக்குவர். குழந்தையின் திசுக்கள் அறுவைக்குக் கடும் அழற்சியால் எதிர்வினை புரிகின்றன. சொட்டு மருந்து வாரக்கணக்கில் தேவைப்படுகிறது.

உடன் அமையும் குறைபாடுகள்

கருவில் வளரும் லென்ஸுக்கு ஊட்டம் தரும் இரத்தநாளங்கள் பிறப்பிற்கு முன்னரே மறைந்துவிட வேண்டும். மறையாது எஞ்சுமிடத்து, பார்வை நரம்பிலிருந்து லென்ஸின் பின்புறம்வரை ஒரு நார்த்தண்டு நிலைக்கிறது. பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் காணப்படும் இக்குறைபாட்டில் கண் சிறுத்திருக்கும். தண்டு விழித்திரையை இழுத்துப் பிரித்திருப்பின், புரையை அகற்றுவதால் கிடைக்கும் பார்வை மிகச் சிறிதே. லென்ஸோடு மட்டும் அது நின்றிருப்பின் பயனை எதிர்நோக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே வெண்ணிறக் கண்பாவையாகத் தெரியும். ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயும் அவ்வாறே தோன்றக்கூடியது. ஆதலின் கண்ணின் பின்பகுதி தெரியாதவிடத்து, அறுவைக்கு முன் ஒலியலைப் படம் எடுத்து உறுதிசெய்தல் வேண்டும்.

சிறுவிழியில் கண்ணின் முழு அளவும் குன்றியிருக்கிறது. கார்னியாவின் விட்டம் சுருங்கியிருப்பதால் கருவிகள் இயங்க இடம் குறைவு. செயற்கை லென்ஸும் எளிதில் பொருந்தாது. அறுவைக்குப் பின் கண்நீர் அழுத்த நோய் வரும் வாய்ப்பும் மிகுதி.

ஐரிஸின்மை பெரும்பாலும் 11ஆம் குரோமோசோமில் உள்ள பாக்ஸ்6 மரபணுவின் பழுதால் விளைகிறது. இதில் ஐரிஸ் முற்றிலுமோ பகுதியாகவோ இல்லாததோடு, கூர்மையான பார்வைக்குரிய விழித்திரை மையமும் முழுமையாக உருவாகியிருப்பதில்லை. புரையை எவ்வளவு திறமையாக அகற்றினாலும், பார்வையின் மேல்வரம்பை விழித்திரையே வகுத்துவிடுகிறது.

தாய்க்குக் கருவுற்ற தொடக்க மாதங்களில் ரூபெல்லா காணுமாயின், குழந்தைக்குக் கண்புரையோடு செவிட்டுத் தன்மையும் இதயக் குறைபாடும் ஏற்படலாம். இத்தொடர்பை 1941ஆம் ஆண்டு சிட்னியைச் சேர்ந்த கண் மருத்துவர் நார்மன் கிரெக், 78 குழந்தைகளைக் கொண்டு வெளிப்படுத்தினார். ரூபெல்லா வைரசு பிறந்த பின்னும் லென்ஸினுள் உயிர்ப்புடன் தங்கியிருப்பதால் அறுவைக்குப் பின் அழற்சி மிகலாம். இதயக் குறைபாடு மயக்க மருந்தின் இடரைக் கூட்டுகிறது. 1990களில் மதுரையில் நிகழ்ந்த ஆய்வொன்றில், காயத்தால் விளையாத குழந்தைப் புரைகளுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டிற்கு ரூபெல்லாவே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் தொடங்கப்பட்டது. மேற்கூறிய குறைபாடுகளுள் ஊசி ஒன்றினால் வருமுன் தடுக்கத்தக்கது இதுவே.

ஓர் ஆய்வும் அதன் எல்லையும்

கைக்குழந்தைக்கு உள்விழி லென்ஸ் பொருத்துவதா, லென்ஸின்றி விட்டுக் காண்டாக்ட் லென்ஸ் அணிவிப்பதா என்பது நெடுநாள் விவாதம். இதனைத் தீர்க்க அமெரிக்காவின் 12 மையங்களில் ஓர் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. 2004 முதல் 2009 வரை, ஒரு கண்ணில் மட்டும் புரையுடைய 114 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டனர். அறுவையின்போது அவர்களின் வயது 1 முதல் 6 மாதங்கள். குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பகுக்கப்பட்ட அவர்களுக்கு நாலரை வயதில் பார்வை அளக்கப்பட்டது. இரு குழுக்களின் இடைநிலைப் பார்வைக் கூர்மையும் ஏறத்தாழ 6/48 என ஒத்தே அமைந்தது. இரு குழுக்களிலும் ஏறத்தாழப் பாதிக் கண்களின் பார்வை 6/60 அல்லது அதற்கும் குறைவு. ஐந்து வயதிற்குள் கண்ணினுள் மீண்டும் அறுவை தேவைப்பட்டோர் உள்விழி லென்ஸ் குழுவில் 72 விழுக்காடு. காண்டாக்ட் லென்ஸ் குழுவில் 21 விழுக்காடு. கண்நீர் அழுத்த நோய் 5 ஆண்டுகளில் 17 விழுக்காட்டுக் கண்களிலும், 10 ஆண்டுகளில் 22 விழுக்காட்டுக் கண்களிலும் காணப்பட்டது.

இவ்வாய்வில் யார் சேர்க்கப்படவில்லை என்பதே நம் பொருளுக்கு முக்கியமானது. கார்னியா விட்டம் 9 மில்லிமீட்டருக்குக் குறைந்த கண்களும், இரத்தநாள எச்சம் விழித்திரையையோ பார்வை நரம்பையோ பாதித்த கண்களும் விலக்கப்பட்டன. ஆய்வின் துல்லியத்திற்கு இது தேவையானதே. ஆயினும் மேற்கண்ட விழுக்காடுகள் ஒப்பீட்டளவில் நல்ல கண்களுக்குரியவை என்பதை மறக்கலாகாது. கடுங்குறைபாடுடைய கண்ணின் பெற்றோரிடம் அதே எண்களைக் கூறுவது, தரமுடியாத நம்பிக்கையைத் தருவதாகும்.

அறுவைக்குப் பின்

லென்ஸ் அகற்றப்பட்ட கண்ணுக்கு உடனே மாற்று வேண்டும். இரு கண்களிலும் அறுவையாயின் தடித்த மூக்குக் கண்ணாடி பயன்படும். ஒரு கண்ணாயின் கண்ணாடி இரு கண்களின் பிம்ப அளவையும் வேறுபடுத்துவதால் காண்டாக்ட் லென்ஸ் ஏற்றது. குழந்தை வளர வளர அதன் திறனை மாற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

அதனினும் கடினமானது நல்ல கண்ணை மூடும் கண்மறைப்பு. மேற்கூறிய ஆய்வில் 8 மாத வயதுவரை, வயதின் ஒவ்வொரு மாதத்திற்கும் நாளொன்றுக்கு 1 மணி நேரம் என மறைக்கப்பட்டது. அதன்பின் விழித்திருக்கும் நேரத்தில் பாதி. நன்றாகத் தெரியும் கண்ணை மூடினால் குழந்தை அழும், ஒட்டியதைப் பிய்த்தெறியும். வீட்டு வேலையும் கூலி வேலையும் பார்க்கும் தாய் ஒருவர் இதனை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் செய்யவேண்டும். அறுவை முடிய ஒரு மணி நேரம் போதும். பார்வை வளர்வது இவ்வுழைப்பினால்தான். குறைபாடு மிகுந்த கண்ணுக்கு இவ்வளவு துன்பத்தைத் தாங்குவது தகுமா என்னும் வினா எழும்போது, அறுவை வேண்டாம் என்று முடிவெடுப்பதும் சில வேளைகளில் பொறுப்பான மருத்துவமே. இரு கண்களும் பாதிக்கப்பட்ட குழந்தைக்கோ, கைவிரல்களை எண்ணும் அளவு பார்வையும் தானே நடந்துசெல்ல உதவும் பெரும் பேறு.

முடிவுரை

விழிக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தையின் புரையை அகற்றுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும். விழித்திரையும் பார்வை நரம்பும் எந்நிலையில் உள்ளன? பார்வை வளர்ச்சிக்குரிய காலம் எஞ்சியுள்ளதா? கண்மறைப்பையும் லென்ஸ் பராமரிப்பையும் குடும்பம் தொடர இயலுமா, அதற்கு யார் துணைநிற்பர்? முதல் வினாவிற்குக் கருவிகளும், இரண்டாவதற்குப் பிறந்தவுடன் செய்யும் சோதனையும் விடை தரும். மூன்றாவதற்கான விடை மருத்துவர் பெற்றோரிடம் அவர்களுக்கு விளங்கும் மொழியில் பேசுவதால் மட்டுமே கிடைக்கும். எதிர்பார்க்கத்தக்க பார்வையின் அளவையும் செய்யவேண்டிய பணியின் நீளத்தையும் அறுவைக்கு முன்பே அறிந்த பெற்றோர்தாம் கண்மறைப்பை இடையில் கைவிடாது தொடர்வர். ஆகவே அவ்வுரையாடலும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.