கான் அடைபட்டால் லயத்துக்கு ஆபத்து

இலங்கை மலையகத்தில் மழை நேரம் கானில் (வடிகாலில்) ஓடும் தண்ணீர் சிவந்து கலங்கியிருந்தால், தேயிலை மலையின் மேல்மண் கரைந்து போகிறது என்று அர்த்தம். நெருங்கி வளர்ந்து நிலத்தை மூடிய தேயிலை மண்ணை நன்றாகவே பிடித்து வைக்கும். செடி செத்து வெற்றிடம் விழுந்த பழைய மலை, கவ்வாத்து வெட்டிய மலை, புதுக்கன்று நட்ட சரிவு, புல்லைச் சுரண்டி மொட்டையாக்கிய நிலம்: அரிப்பு இங்கேதான் அதிகம்.

நட்டம் யாருக்கு?

மேல்மண்ணோடு போட்ட உரமும் போகிறது, கொழுந்து குறைகிறது. குறித்த கொழுந்து நிறையை எட்டாத நாளில் தொழிலாளிக்கு அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான். கழுவிப்போன மண் பொல்கொல்லை, ரந்தம்பை நீர்த்தேக்கங்களில் சேறாகப் படிகிறது.

மண்ணரிப்பும் மண்சரிவும் ஒன்றல்ல. ஆனால் கரைந்த மண் கானை அடைத்தால், வழிந்தோட வேண்டிய தண்ணீர் சரிவுக்குள் இறங்கும். தொழிலாளர் குடியிருப்புகளான பல லயங்கள் அந்தச் சரிவின் அடியில்தான் இருக்கின்றன. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும் மக்கள் அங்கேயே இருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் 1996இல் திருத்தப்பட்டது. அரிப்புக்கு உள்ளாகும் பகுதிகளை அறிவிக்கவும், மண்ணைக் காக்கும் வேலைகளைச் செய்யும்படி நிலத்துக்குப் பொறுப்பானவருக்கு உத்தரவிடவும் அது இடம் தருகிறது. விவசாயத் திணைக்களம் இதை நடைமுறைப்படுத்துகிறது.

உங்கள் லயம் இருக்கும் இடத்தைப் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் தந்த அறிக்கை உண்டா என்று 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். விண்ணப்பத்தைப் பெற்ற அலுவலகம் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.

மலையில் செய்ய வேண்டியவை

- கான்களைச் சரிவுக்குக் குறுக்கே வெட்டி, இடையிடையே மண் தேங்கும் குழி விடுதல். மழைக்கு முன் தூர்வாருதல்.
- செங்குத்தான இடங்களில் கல்கட்டு, வெற்றிடங்களில் மறுநடுகை.
- கவ்வாத்தில் வெட்டிய கிளைகளான மிலாறை முழுவதும் விறகுக்கு எடுக்காமல், மெல்லிய குச்சியையும் இலையையும் நிலத்திலேயே பரப்புதல்.
- பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மறுநடுகைக்கு முன் குவாட்டமாலா புல் அல்லது மானாப்புல் வளர்த்தல்.

எப்போது வெளியேறுவது?

24 மணி நேரத்தில் 75 மி.மீ. மழை பெய்தால் விழிப்பு, 100 மி.மீ. என்றால் தயார் நிலை, 150 மி.மீ. தாண்டினால் உடனே வெளியேற வேண்டும். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கிளம்பும் கலங்கல் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவு பார்க்காமல் வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் அழையுங்கள்.

அடைபட்ட கான்களைப் படம் எடுத்து, மழைக்காலத்துக்கு முன்பே நிர்வாகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் திகதியும் உள்ள பிரதி உங்களிடம் இருக்கட்டும். எங்களுக்குத் தெரியாது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.