பூட்டை நம்பாத ரகசியம்

ஹைதராபாத் கச்சிபௌலியின் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து நாள் முழுக்கப் பூட்டிய செய்திகள்தான் வெளியேறுகின்றன. வங்கிச் செயலியோ வாட்ஸ்அப்போ, காவல் நிற்பது ஒரே நம்பிக்கையில்: பூட்டை உடைக்கும் கணக்கைப் போட்டு முடிக்க எந்தக் கணினிக்கும் காலம் போதாது. போதிய அளவு பெரிய குவாண்டம் கணினிக்குப் போதும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், அதையும் தாங்குவதற்கான புதிய பூட்டுகளை அறிவித்தது. அவையும் கடினமான கணக்கை நம்பியவைதான்.

எதிரியின் கணினி எவ்வளவு பெரிதானாலும் கவலைப்படாத இன்னொரு கிளை உண்டு. இங்குள்ள ஐ.ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான கண்ணன் ஸ்ரீநாதன் உழைத்த கிளை. அதில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. பல பாதைகள் மட்டும்.

ரகசியம் 7 என்போம். அதோடு மூன்று மூன்றாகக் கூட்டி 10, 13, 16, 19 என நான்கு பாதைகளில் அனுப்புகிறோம். அந்த மூன்று, நாமாகக் குருட்டாம்போக்கில் எடுத்த எண். ஒரு பாதையை ஒட்டுக்கேட்பவனுக்கு ஒன்றும் விளங்காது. (நிஜத்தில் ஒரு பகா எண்ணால் வகுத்த மீதிதான் போகும்.) அவன் 16ஐ 20 ஆக்கினாலும் மற்ற மூன்றும் ஒரே கோட்டில் நின்று அவனைக் காட்டிக்கொடுக்கும். மூன்றே பாதைகள் என்றால்? 10, 13, 20 வந்து சேரும். ரகசியம் 7ஆ, 5ஆ, கழித்தல் 1ஆ என்று திகைக்க வேண்டியதுதான். ஆனால் பெறுபவர் பதில் பேச முடிந்தால் மூன்று பாதைகளே போதும். 1993இல் டோலெவ், டுவொர்க், வார்ட்ஸ், யுங் நால்வரும் நிறுவியது இது.

அதற்கு எவ்வளவு தகவல் செலவாகும்? சென்னை ஐ.ஐ.டி.யின் பாண்டுரங்கன், அவர் மாணவர் ஸ்ரீநாதன், அர்விந்த் நாராயணன் மூவரும் கிரிப்டோ 2004 மாநாட்டில் விடை சொன்னார்கள்: இதற்குக் கீழே எவராலும் இறங்க முடியாது என்று ஓர் எல்லை, அந்த எல்லையைத் தொடுவதாக ஒரு நெறிமுறை. இரண்டே ஆண்டில் அகர்வால், கிராமர், டி ஹான் ஆகியோர் அந்த நெறிமுறையில் ஓட்டை கண்டுபிடித்து, வேறொன்றைத் தந்தார்கள். அதற்கும் ஒரு குறை, கணக்கு மலைபோல் வளர்ந்தது. 2008இல் குரோசாவாவும் சுசுகியும் அதைச் சரிக்கட்டினார்கள். எல்லை மட்டும் அசையவில்லை. இந்தத் துறையில் எனக்குப் பிடித்ததே இந்த இரக்கமற்ற சரிபார்ப்புதான்.

பிறகு ஏன் நம் கைபேசியில் இது இல்லை? பாதைகள் நிஜமாகவே தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருக்கலாம்; இரண்டின் கம்பிவடமும் சாலையோரம் ஒரே பள்ளத்தில் போகிறதா என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை.