லண்டன் தொடர்மாடியில் பழைய பொயிலரை மாற்றுகிறார்களா? கையெழுத்துக்கு முன் அறியவேண்டியவை

யுத்தத்தால் துரத்தப்பட்டு லண்டன் போய்ச் சேர்ந்த எமது மக்களில் பலருக்கு முதலில் கிடைத்த நிரந்தரக் கூரை கவுன்சில் தொடர்மாடி வீடுதான். சிலர் பின்னர் அதே வீட்டைச் சலுகை விலையில் வாங்கியும் விட்டார்கள். 1960களிலும் 70களிலும் கட்டப்பட்ட இத்தகைய தொடர்மாடிகள் பலவற்றில் வீட்டுக்கு வீடு பொயிலர் கிடையாது. ஒரே பொயிலர் அறையில் சூடாக்கப்படும் தண்ணீர் குழாய்கள் வழியே எல்லா வீடுகளுக்கும் போகும். 1950 இல் பற்றர்சீ மின்நிலையத்தின் கழிவு வெப்பத்தைத் தேம்ஸ் நதியின் கீழாகக் கொண்டுசென்று பிம்லிகோ பகுதி வீடுகளைச் சூடாக்கிய திட்டம் இதில் புகழ்பெற்றது.

அந்தக் காலத்துப் பொயிலர்களும் குழாய்களும் இப்போது முதுமை அடைந்துவிட்டன. மார்கழியில் பொயிலர் பழுதானால் நூறு வீடுகள் ஒன்றாக விறைக்கும். காயத் தழும்போடு வாழ்பவர்களும் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் படும் பாட்டைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் பொயிலரை மட்டும் மாற்றினால் போதாது. புதிய வகைப் பொயிலர் புகையோடு வெளியேறும் நீராவியைக் குளிரவைத்து அதன் வெப்பத்தையும் மீட்டெடுக்கிறது. அதற்கு வீடுகளைச் சுற்றித் திரும்பிவரும் தண்ணீர் சுமார் 55 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். பழைய அமைப்புகளில் அது 70 பாகையளவில் திரும்பிவரும்படி வடிவமைத்திருந்தார்கள். அப்படியே விட்டால் புதிய பொயிலரும் எரிவாயுவை வீணாக்கும். ஆகவே ரேடியேற்றர்களுக்கு வெப்பக் கட்டுப்பாட்டு வால்வு, தேவைக்கேற்ப வேகம் மாறும் பம்பி, குழாய்களுக்கு வெப்பக்காப்பு உறை ஆகியனவும் வேண்டும். பழைய குழாய்களில் படிந்த துருச்சேற்றைக் கழுவி அகற்றாவிட்டால் அது புதிய பொயிலரை அடைத்துவிடும்.

செலவைக் குறைக்கச் சேமிப்புத் தாங்கியின் சூட்டையும் குறைக்கலாமே என்று கேட்கலாம். அது ஆபத்து. லெஜியனெல்லா என்ற கிருமி வளராதிருக்கத் தாங்கியில் தண்ணீர் 60 பாகையிலாவது இருக்க வேண்டும்.

அடுத்தது பணம். பல இடங்களில் வாடகையோடு சேர்த்து நிலையான ஒரு தொகையே அறவிடப்படுகிறது. வீட்டுக்கு வீடு மீற்றர் வந்தால் பாவித்த அளவுக்கே கட்டணம். சிக்கனமாக இருப்பவருக்கு அது இலாபம். நாள் முழுதும் வீட்டில் இருக்கும் நோயாளிக்குக் கட்டணம் கூடவும் கூடும். சாதாரண மின்சார, எரிவாயுப் பாவனையாளர்களுக்கு ஒஃப்ஜெம் விதிக்கும் விலை உச்சவரம்பு இந்தப் பொது வெப்ப அமைப்புகளுக்குப் பொருந்தாது. 2022 இல் எரிவாயு விலை ஏறியபோது இந்த வீடுகளே கடுமையாக அடிபட்டன. ஊருக்கு அனுப்பும் காசிலும் அந்தச் சுமை விழத்தான் செய்தது.

வாடகைக் குடியிருப்பாளர் ஒருவருக்கு, 1985 ஆம் ஆண்டின் வீட்டுரிமையாளர், குடியிருப்பாளர் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி, சூடாக்கும் அமைப்பையும் சுடுநீர் அமைப்பையும் திருத்தி வைத்திருப்பது வீட்டுரிமையாளரின் கடமை.

வீட்டை நீண்டகாலக் குத்தகையில் வாங்கியவர்களின் நிலை வேறு. பொயிலர் மாற்றும் செலவில் அவர்களுக்கும் பங்கு வரும். அது ஆயிரக்கணக்கான பவுண்ஸாகவும் இருக்கலாம். எனினும் ஒருவரின் பங்கு 250 பவுண்ஸைத் தாண்டினால், அதே சட்டத்தின் 20 ஆம் பிரிவின்கீழ் முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். முதற்கடிதம் வந்ததும் கருத்துச் சொல்ல 30 நாட்கள். மதிப்பீடுகள் வந்தபின் இன்னொரு 30 நாட்கள். இந்த நடைமுறையைப் பின்பற்றாவிட்டால், தீர்ப்பாயம் விலக்கு அளித்தாலன்றி, 250 பவுண்ஸுக்கு மேல் அறவிட முடியாது. கவுன்சில் வீட்டைச் சலுகைத் திட்டத்தில் வாங்கியவர்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகளில், வாங்கும்போது தரப்பட்ட மதிப்பீட்டுக்கு மேல் (பணவீக்கம் தவிர) திருத்தச் செலவு கேட்க முடியாது.

சிக்கல் என்னவென்றால் இந்தக் கடிதங்கள் சட்ட ஆங்கிலத்தில் வருகின்றன. விளங்காத கடிதத்தை லாச்சிக்குள் வைத்துவிட்டால் 30 நாட்களும் போய்விடும். கடிதம் வந்த நாளையே குறித்துவைத்து, பிள்ளைகளையோ சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தையோ கொண்டு வாசிப்பிக்க வேண்டும். பிறகு எழுத்தில் கேளுங்கள்: குழாய்களும் சேர்த்தே திருத்தப்படுகின்றனவா? மீற்றர் வருமா? வேலை நடக்கும் நாட்களில் தற்காலிகச் சூடாக்கிகள் தருவார்களா? பங்கைத் தவணையாகக் கட்டலாமா?

கட்டணம் பற்றிய முறைப்பாட்டுக்கு எட்டு வாரங்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், 2025 ஏப்ரல் முதல் எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். குத்தகையாளருக்குச் செலவு நியாயமற்றதாகத் தோன்றினால் தீர்ப்பாயத்தை நாடலாம். அதே மாடியிலுள்ள அயலவர்கள், எந்த இனத்தவராயினும், சேர்ந்து ஒரே கடிதமாக எழுதினால் இன்னும் நல்லது. எல்லோருக்கும் அதே பொயிலர்தான்.