வலுவும் அதனைத் தாங்குதலும்

மோட்டார் வண்டிகளில் மோகங்கொண்ட இளைஞர் பலர், "எஞ்சினுக்கு இரண்டு பெரிய டேர்போக்களைப் பூட்டிவிட்டாற் போதும், வலு இருமடங்காகும்" என எளிதிற் கூறிவிடுவர். அக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. மறுபாதியை அறியாது இப்பணியிற் புகுந்தோர், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய எஞ்சினைச் சில நிமிடங்களில் இழந்து வருந்தியதும் உண்டு. அம்மறுபாதியை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

புகையிற் பிறக்கும் வலு

எஞ்சினின் வலு அது எரிக்கும் பெற்றோலைப் பொறுத்தது. பெற்றோல் எரிய ஒட்சிசன் வேண்டும். ஆகவே உருளைகளினுள் எத்துணை வளி புகுகின்றதோ அத்துணையே வலுவும் பிறக்கும். சாதாரண எஞ்சின், வளிமண்டல அமுக்கம் தள்ளித் தரும் வளியை மாத்திரமே ஏற்கும். அதற்கு மேலும் வளியைத் திணிக்க விசையொன்று தேவை. பெற்றோல் எரிவதாற் பிறக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, புகையோடு வீணே வெளியேறுகின்றது. அப்புகையாற் சுழலியொன்றைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் வளியைச் செறிவித்து ஊட்டலாம் எனக் கண்டவர், சுவிற்சலாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி என்பவராவர். இதற்கான அவருடைய காப்புரிமை 1905 ஆம் ஆண்டுக்கு உரியது. 1918 இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில், 14,000 அடி உயரத்து மென்வளியிலே, விமான எஞ்சினொன்று இக்கருவியின் துணையாற் கடல்மட்டத்துக்குரிய தன் வலுவை மீளப் பெற்றது. 1962 இல் அமெரிக்கர் இதனை விற்பனைக் கார்களிலும் பொருத்தினர்.

ஒன்றன்று, இரண்டு

பெரிய டேர்போ ஒன்று மிகுந்த வளியைத் தரவல்லது. ஆயின் அதன் சக்கரம் கனமானது, வேகமெடுக்கக் காலந்தாழ்க்கும். சாரதி மிதிகட்டையை அழுத்தியபின் வலு வரும்வரை காத்திருக்க நேரும். சிறிய டேர்போக்கள் இரண்டாயின் விரைந்து சுழலும். இதனாலேயே சிறந்த விளையாட்டுக் கார்கள் பல இரட்டை டேர்போக்களைக் கொண்டன.

இதற்கு ஏற்ற உதாரணம், 1989 இல் வெளிவந்த யப்பானிய வண்டியாகிய நிசான் ஸ்கைலைன் ஜீ.ரீ.ஆர். ஆகும். அதன் எஞ்சின் 2,568 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஆறு உருளைகளும் உடையது. முன் மூன்று உருளைகளின் புகை ஒரு டேர்போவையும், பின் மூன்றின் புகை மற்றையதையும் சுழற்றும். யப்பானிய உற்பத்தியாளர் தமக்குள் கொண்டிருந்த இணக்கத்தின்படி, அதன் வலு 280 குதிரைவலு என்றே அறிவிக்கப்பட்டது. ஆயினும் 1990 முதல் 1993 வரை யப்பானியக் கார்ப் பந்தயத் தொடரில் அது பங்குகொண்ட 29 போட்டிகளிலும் வென்றது. அவுஸ்திரேலியாவின் பாதர்ஸ்ற் பந்தயத்தில் 1991 இலும் 1992 இலும் வாகை சூடியது. அந்நாட்டவர் அதற்குக் 'கொட்சிலா' எனப் பெயரிட்டனர்.

இத்துணைச் சிறந்த எஞ்சினிலும் ஒரு மெலிவு உண்டு. விரைந்து சுழலும் பொருட்டு, அதன் சுழலிச் சக்கரங்கள் செராமிக் என்னும் இலேசான பொருளாற் செய்யப்பட்டன. தொழிற்சாலை வகுத்த அமுக்கத்தில் அவை நெடுநாள் உழைக்கும். உரிமையாளர் பேராசையால் அமுக்கத்தை ஏறத்தாழ ஒரு பார் அளவுக்கு மேல் உயர்த்தினாலோ, சக்கரம் அச்சினின்று கழன்று சிதறக்கூடும். ஆகவே வலுவை மிகுக்க விரும்புவோர் முதலிற் செய்வது, உருக்குச் சக்கரமுடைய டேர்போக்களை மாற்றிப் பூட்டுதலாகும்.

பூட்டும் முறை

இப்பணிக்குப் பொறுமையே முதற்கருவி. டேர்போக்கள் இருக்குமிடம் ஒடுக்கமானது. முப்பது ஆண்டு வெப்பத்தில் வெந்த ஆணிகள் எளிதிற் கழலா. வலிந்து திருகின் முறியும். கழற்றிய இடங்களுக்குப் புதிய காஸ்கெட்டுகளை இடல் வேண்டும். திறந்த குழாய்வாய்களை உடனே மூடிவைத்தல் வேண்டும். நிமிடத்துக்கு நூறாயிரம் தரத்துக்கு மேற் சுழலும் சக்கரத்தின் முன், மறந்துவிட்ட சிறு நட்டொன்று துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பாகும்.

எண்ணெய்க் குழாய்களைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். அச்சு எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதந்து சுழல்கின்றது. இணைப்பிற் பூசிய பசை சற்றே மிகுந்து உள்வழியை அடைப்பினும் டேர்போ அழியும். எனவே எஞ்சினை முதன்முறை இயக்குமுன் டேர்போவினுள் எண்ணெய் ஊற்றி, தீப்பொறியைத் துண்டித்து, எண்ணெய் அமுக்கம் ஏறும்வரை ஸ்ராற்றராற் சுழற்றிக்கொள்ளுதல் நன்று.

தாங்கும் உறுப்புகள்

செறிவித்த வளி சூடேறும். சூடான வளி அடர்த்தி குறைந்தது. எரிபொருள் காலத்துக்கு முந்தி வெடிப்பதற்கும் ஏதுவாவது. அதனாற் குளிர்விக்கும் இன்டர்கூலர் போதியதாயிருத்தல் வேண்டும். மிகுந்த வளிக்கு மிகுந்த பெற்றோல் வேண்டும். ஆதலின் பம்பும் பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்ரர்களும் பெரியனவாதல் வேண்டும். பெற்றோல் குறைந்து வளி மிகுமாயின் உருளையினுள் வெப்பம் எல்லை கடக்கும். முந்திய வெடிப்பின் அடியால் பிஸ்டன் உடையும். உள்ளே சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை அதன் எச்சரிக்கை. அவ்வோசை செவிக்கு எட்டுமுன்பே கேடு நேர்ந்துவிடுதலும் உண்டு. ஆகவே வண்டியைச் சோதனை உருளைகளின் மேல் நிறுத்தி, கலவையையும் தீப்பொறி நேரத்தையும் வல்லார் ஒருவர் படிப்படியாகச் சீர்செய்தல் இன்றியமையாதது. பலர் பணம் மிச்சப்படுத்த முயல்வது இவ்விடத்திலேதான். பெரும்பாலும் எஞ்சின் அழிவதும் இவ்விடத்திலேதான்.

எஞ்சின் தாங்கினாலும் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. மிகுந்த வலுவைக் கிளச் பற்றிக்கொள்ளல் வேண்டும். மிகுந்த வேகத்தைப் பிரேக் அடக்குதல் வேண்டும். வேகம் இருமடங்காயின் நிறுத்துதற்கு அடக்கவேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்பது பௌதிகம் பயிலும் மாணவரும் அறிந்ததே. பெருஞ்சாலையிற் பிரேக் தோற்குமாயின், அழிவது வண்டி மட்டுமன்று. ஓரத்தில் நடந்து செல்லும் எவரோ ஒருவரின் உயிருமாகலாம். டேர்போவுக்கெனத் திரட்டிய பணத்திற் பாதியைப் பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்க மனமில்லாதவர், இப்பணியைத் தொடங்காதிருத்தலே நலம். வலுவின் சுவையை அறிய விழைவோருக்குப் பந்தயக்களமே தகுந்த இடம்.

வண்டியின் அச்சு தாங்கும் அளவைக் காட்டி வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்திற் புகட்டிய நீதி, அரசர்க்கு மாத்திரம் உரியதன்று. வலுவைப் பெருக்க விரும்பும் இளைஞர், ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் தம் வண்டியில் அவ்வலுவைத் தாங்கவேண்டிய உறுப்புகள் எவையென ஒரு தாளில் எழுதிப் பார்ப்பாராக. அத்தாள் நிரம்பிய பின்னர் டேர்போவின் விலையை விசாரித்தால் போதும்.